இருமுகிற பிள்ளைக்கு ஏன் அடிக்கிறீர்கள்? ஒரு கிருமியின் தோலும் காங்கேசன்துறை – மெட்ராஸ் கதையும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

போன தவணை எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று கிழமைக்கு மேலாக இருமிக்கொண்டிருந்தது. தடிமன் இருமல் இல்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, ஆள் மெலிந்திருந்தது. தாயைக் கூப்பிட்டு, "ஒருக்கா செஸ்ட் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றோம். அவவின் முகம் கறுத்துப்போனது. "சேர், அந்தப் பேர வெளியில சொல்லாதீங்க. மூத்தவளுக்கு இப்பதான் ஒரு சம்பந்தம் பேசி வருது. இருமாத எண்டு அடிச்சும் பார்த்திட்டன், கேக்குதில்ல" என்றா. (ஆட்களை அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறோம்.)

அந்த அடிதான் எங்களை இதை எழுத வைத்தது. இருமல் அந்தப் பிள்ளையின் குழப்படி இல்லை. அதை விளங்கப்படுத்த எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸ் போய், லண்டன் போய், அமெரிக்கா போய்த் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

எங்கள் மூத்தவர்கள் இந்த நோயைச் 'சயம்' என்றார்கள், 'கசம்' என்றார்கள். பெரும்பாலும் பெயரே சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் "அவர் காங்கேசன்துறைக்குப் போயிருக்கிறார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் சின்னவர்கள் மேற்கொண்டு கேட்கக்கூடாது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் இருந்தது, காசநோய் வைத்தியசாலையும் இருந்தது. குரலைத் தாழ்த்தாமல் சொன்னால் சீமெந்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம்!

அந்த வைத்தியசாலைகளைச் 'சானற்றோரியம்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் தொடங்கிய யோசனை அது. மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, ஊர்ச் சனத்திலிருந்து விலகல், இவ்வளவுதான் வைத்தியம். மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் கிடந்தார்கள். போனவரின் கோப்பை, பாய், தலையணை எல்லாம் வீட்டில் தனியாக ஒதுக்கப்பட்டன. சில வீடுகளில் அந்தக் கோப்பை அவர் சுகமாகித் திரும்பி வந்த பிறகும் தனியாகவே இருந்தது.

நோய்க்குக் காரணம் ஒரு பற்றீரியா என்று ரொபேர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. மார்ச் 24ஐ உலக காசநோய் தினமாக வைத்திருப்பது அதனால்தான். அந்தக் காலத்தில் சாகிற ஏழு பேரில் ஒருவர் இந்த நோயால் சாகிறார் என்று கோக் அன்று சொன்னார். ஆனால் கிருமியை நுணுக்குக்காட்டியில் காண்பதற்கே அவர் படாத பாடு பட்டார். மற்றப் பற்றீரியாக்கள் சாயத்தை உடனே குடித்துவிடும். இது குடிக்காது. பிறகு சீல், நீல்சன் என்ற இரு ஜேர்மனியர்களின் பெயரில் ஒரு முறை நிலைபெற்றது. சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கண்ணாடித் தட்டைச் சுவாலையில் சூடாக்க வேண்டும். சூட்டில் சாயம் உள்ளே போகும். போனபின் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் சிவப்பு வெளியே வராது. மற்றதெல்லாம் வெளிறிவிடும், இந்தக் கிருமி மட்டும் சிவப்புக் குச்சியாய் நிற்கும். நூற்று நாற்பது வருடத்துக்குப் பிறகும் சளிப் பரிசோதனையில் இந்த முறை பாவனையில் இருக்கிறது.

ஏன் அப்படி? கிருமியின் மேல் மெழுகுத் தோல் ஒன்று இருக்கிறது. எங்கள் தோலில் எண்ணெய் பூசினால் தண்ணீர் வழிந்தோடுமே, அதுபோல. வேதியியலில் சொன்னால், மிக நீளமான கொழுப்பமிலங்கள், அவற்றோடு ஒட்டிய வெல்லங்கள். வெல்லமும் கொழுப்பும் சேர்ந்த மூலக்கூறைக் கிளைக்கோலிப்பிட்டு என்கிறோம். உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சொல்லைப் பாடமாக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். நாங்களும் படிப்பித்துவிட்டு மறந்தவர்கள்தான்.

இந்தக் கிருமி அதிகம் பாவிக்கும் வெல்லம் ட்ரெஹலோஸ். இரண்டு குளுக்கோசு சேர்ந்தது. காளானிலும் பூச்சிகளின் இரத்தத்திலும் இருப்பது. ட்ரெஹலோசோடு இரண்டு நீளக் கொழுப்பமிலங்களைச் சேர்த்துக் கிருமி செய்கிற ஒரு பொருளால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு திரித்ததுபோல வளரும். 1950இல் ஹியூபேர்ட் புளோக் என்பவர் கிருமிகளைப் பெற்றோலியம் ஈதரில் கழுவி அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்தார். கழுவிய கிருமி உயிரோடுதான் இருந்தது, ஆனால் எலிகளைக் கொல்லும் வலு குறைந்துவிட்டது. பிரித்தெடுத்த கொழுப்பைத் திரும்பத் திரும்ப ஊசியாக ஏற்றியபோதோ, கிருமியே இல்லாமல் எலிகள் செத்தன. கிருமியின் கொடுமையில் ஒரு பங்கு அதன் தோலில்தான் இருக்கிறது என்று தெளிவானது அப்போதுதான். இந்தப் பொருளின் அமைப்பு 1956இல் தெரியவந்தது.

அதே 1956இல்தான் மெட்ராஸ் கதை தொடங்குகிறது.

ஸ்ரெப்ரோமைசின் 1940களில் வந்துவிட்டது. ஐசோனியசிட் 1952இல் வந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் இந்தியாவில் இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானற்றோரியக் கட்டில் எங்கே? மெட்ராஸ் சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை எல்லாம் சேர்ந்து ஒரு நிலையம் தொடங்கின. வொலஸ் பொக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் அதை நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவானோரைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானற்றோரியத்துக்கு. மற்றப் பாதிப்பேர் வீட்டிலேயே, அதே நெருக்கடியான குடியிருப்பில், அதே அரைவயிற்றுச் சாப்பாட்டோடு. இரு பகுதிக்கும் ஒரே குளிசைகள், ஒரு வருடம்.

முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சுகமானார்கள். அதைவிடப் பெரிய செய்தி, வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. நோயாளி குளிசை போடத் தொடங்கியதும் அவரிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. உலகெங்கும் சானற்றோரியங்கள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போனதற்கு மெட்ராஸ் ஏழைகளின் இந்தப் பரிசோதனை ஒரு பெரிய காரணம். தனிக் கோப்பைக்கு நியாயம் இருந்தால், அதுவும் அன்றோடு போயிருக்க வேண்டும். கோப்பையால் பரவுவதில்லை, காற்றால்தான் பரவுகிறது என்பதை அதே காலத்தில் அமெரிக்காவின் பால்ரிமோரில் நோயாளி வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகளின் கூட்டுக்கு அனுப்பிக் காட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் கோப்பை இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

வீட்டிலேயே வைத்தியம் என்றால் வீடு இருக்க வேண்டும். இந்த இடத்தில் எங்கள் மாமாவின் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை.

1990 ஒக்ரோபர் 30. சோனகத்தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறு என்றார்கள். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். மாமா அப்போது காசநோய்க்கு மூன்றாம் மாதக் குளிசை போட்டுக்கொண்டிருந்தார். குளிசையும் கிளினிக் துண்டும் அலுமாரிக்குள். யாருக்கு நினைவு வரும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற நேரத்தில்? இருமல் நின்றிருந்ததால் அவருக்கே தான் நோயாளி என்ற எண்ணம் இருக்கவில்லை. புத்தளத்தில் கிடுகுக் குடிலில் இருந்தோம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், ஒரே தண்ணீர்ப் பீப்பாய். நோயைச் சொன்னால் அந்த வரிசையிலிருந்தும் எழுப்பிவிடுவார்களோ என்று அவர் பயந்து யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடம் இருமல் திரும்பி வந்தது. இரவில் வாயில் சாரத்தின் நுனியைப் பொத்திக்கொண்டு இருமுவார். கடைசியில் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு பக்க நுரையீரல் பெரும்பகுதி போய்விட்டது. பிறகு குளிசை ஒழுங்காகப் போட்டு நோய் மாறியது. ஆனால் பள்ளிப் படி ஏறினால் மூச்சு வாங்கும், மௌத்தாகும் வரை அப்படித்தான்.

இருமல் நின்றாலும் ஏன் மாதக்கணக்கில் குளிசை போடவேண்டும் என்பதற்கும் அந்தத் தோல் ஒரு காரணம். பல மருந்துகள் அந்த மெழுகைத் தாண்டிப் போவதில்லை. கிருமியும் மெதுவானது, ஒன்று இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும், சிலது பிரியாமலே பதுங்கிக் கிடக்கும். ஐசோனியசிட் எப்படி வேலை செய்கிறது என்று 1970களில் தெரியவந்தபோது அதுவும் தோலின் கதையாகவே இருந்தது. அந்த நீளக் கொழுப்பமிலத்தைக் கிருமி செய்யவிடாமல் அது தடுக்கிறது. எதம்பியூட்டோல் குளிசை அதே சுவரின் வெல்லப் பகுதியைத் தடுக்கிறது. மாமா அலுமாரிக்குள் விட்டு வந்தது இந்தத் தோலைக் கிழிக்கிற கத்தியைத்தான்.

திரும்ப மெட்ராசுக்கு வருவோம். இனித்தான் இருமலின் கதை.

சேத்துப்பட்டு நோயாளிகளின் சளியில் வளர்த்த கிருமிகள் லண்டனுக்குப் போயின. டெனிஸ் மிச்சிசன் என்ற ஆய்வாளர் அவற்றைக் கினிப்பன்றிகளில் ஏற்றிப் பார்த்தார். பிரித்தானிய நோயாளிகளின் கிருமியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிரித்தானியக் கிருமி கினிப்பன்றியை மோசமாகத் தாக்கியது. மெட்ராஸ் கிருமிகளில் பல அவ்வளவு தாக்கவில்லை. எல்லோருக்கும் குழப்பம். மெட்ராசில் மனிதர் நெஞ்சைத் தின்கிற கிருமி கினிப்பன்றியில் ஏன் சோம்பலாக இருக்கிறது?

சேத்துப்பட்டில் வேலை செய்த கங்காதரம் என்ற விஞ்ஞானி இதன் பின்னால் போனார். அமெரிக்காவின் டென்வரில் ஜோர்ஜ் மிடில்புறூக் குழு, கொடிய கிருமிகளின் தோலில் கந்தகம் சேர்ந்த ஒரு கிளைக்கோலிப்பிட்டை 1959இல் பிரித்தெடுத்திருந்தது. அதே ட்ரெஹலோஸ் வெல்லம், ஒரு பக்கம் சல்பேற்று, மற்றப் பக்கங்களில் நான்கு கொழுப்புச் சங்கிலிகள். சல்போலிப்பிட்டு என்று பெயர். 1963இல் கங்காதரமும் மிடில்புறூக் குழுவும் வெளியிட்ட கட்டுரையில் இந்திய, பிரித்தானியக் கிருமிகளில் அதை ஒப்பிட்டார்கள். கினிப்பன்றியில் சோம்பலாக இருந்த தென்னிந்தியக் கிருமிகளில் சல்போலிப்பிட்டு குறைவு. டென்வரிலேயே மேயர் கோரென் என்பவர் அடுத்த பதினைந்து வருடம் இதைத் தோண்டினார். 1974இல் அவர் ஆராய்ந்தவற்றிலும் மெட்ராஸ் கிருமிகள் இருந்தன. சேத்துப்பட்டு வாசலில் வரிசையில் நின்ற அந்தக் கூலித் தொழிலாளிகளுக்குத் தங்கள் சளி டென்வர் வரை போனது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது.

அப்படியானால் சல்போலிப்பிட்டுத்தான் கிருமியின் விஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள். விஞ்ஞானத்தில் எங்களுக்குப் பிடித்த இடம் இனி வருவது. 2003 அளவில் மரபணுவை வெட்டி, சல்போலிப்பிட்டுச் செய்யத் தெரியாத கிருமியை உருவாக்கி எலிக்கும் கினிப்பன்றிக்கும் ஏற்றினார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை, அதே அளவுக்கு நோய் வந்தது. நாற்பது வருட நம்பிக்கை சரிந்தது. கங்காதரம் பார்த்த ஒற்றுமை உண்மை. ஆனால் ஒன்று மற்றதற்குக் காரணம் இல்லை. சேவல் கூவுவதால் விடிகிறது என்று நினைப்பதுபோல.

பிறகு ஏன் கிருமி இவ்வளவு சிரமப்பட்டு இந்தப் பொருளைச் செய்கிறது? பதில் 2020இல் அமெரிக்காவின் டலஸ் நகரிலிருந்து வந்தது. அங்கே மைக்கேல் ஷைலோ குழுவினர் காசநோய்க் கிருமியின் கொழுப்பைப் பிரித்துப் புகார்போல விசிறி, கினிப்பன்றிகளைச் சுவாசிக்கவிட்டார்கள். அவை இருமின. சல்போலிப்பிட்டு இல்லாத கிருமியின் கொழுப்புக்கு அந்த இருமல் இல்லை. சல்போலிப்பிட்டைத் தனியாகக் கொடுத்தார்கள், இருமின. கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்புக் கலங்களின் மேல் விட்டபோது, வலியை உணர்கிற நரம்புகள் துடித்தெழுந்தன. வீட்டில் செத்தல் மிளகாய் வறுக்கும்போது எல்லோரும் இருமுகிறோமே, அதை அறிகிற அதே வகை நரம்புகள். சல்போலிப்பிட்டு இல்லாத கிருமியால் நோய் வந்த கினிப்பன்றிகள், நோய் இருந்தும் இருமவில்லை.

விளங்குகிறதா? காற்றில் பரவுகிற கிருமிக்கு இருமல்தான் பஸ். அந்தப் பஸ்ஸைத் தானே ஓட்டுவதற்கு அது தோலில் ஒரு சாவி வைத்திருக்கிறது. சளி அடைத்தோ, நெஞ்சு புண்ணாகியோ மட்டும் வருகிற இருமல் அல்ல அது. பிள்ளையின் நரம்பைக் கிருமி நேராகச் சுண்டுகிறது. அந்தப் பிள்ளைக்கு எத்தனை அடி அடித்தாலும் அடி கிருமியில் விழாது.

இதைச் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நாங்கள் நல்ல வாத்தி இல்லை. இந்து சமுத்திரக் கரை நாடுகளில் பரவலாக உள்ள ஒரு பழைய வம்சக் கிருமி இருக்கிறது, மெட்ராசின் அந்தச் 'சோம்பல்' கிருமிகள் பெரும்பாலும் அந்த வம்சம். 2019இல் டெல்லி ஆய்வாளர்கள் அந்த வம்சத்துக் கிருமிகளில் ஒரு மரபணுவில் ஏற்பட்ட சின்ன மாற்றத்தால் சல்போலிப்பிட்டே இல்லாமல் போயிருப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் தென்னிந்திய நோயாளிகள் இருமத்தான் செய்கிறார்கள். ஆகவே இருமலுக்கு இது ஒன்றே காரணம் இல்லை, கிருமியிடம் வேறு வழிகளும் இருக்கவேண்டும். இன்னொரு பக்கமும் பாருங்கள். பல நாடுகளில் வீடுவீடாகச் சளி எடுத்துச் செய்த கணக்கெடுப்புகளில், நோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குறிப்பிடும்படி இருமல் இருக்கவில்லை. இருமுகிறவரைப் பார்த்து விலகி ஓடுகிற நாங்கள், இருமாதவரோடு பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறோம்.

இந்தக் கிருமிக் குடும்பம் நரம்போடு விளையாடுவது இதில் மட்டும் இல்லை. இதன் ஒன்றுவிட்ட சகோதரம் பெருநோய்க் கிருமி. அதை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கவே முடியாது. அமெரிக்காவில் ஆமடில்லோ என்ற ஓடுள்ள விலங்கின் உடம்பில் வளர்த்து, அதிலிருந்து 1980–81இல் பற்றிக் பிரெனன் குழு ஒரு கிளைக்கோலிப்பிட்டைப் பிரித்தது. மூன்று வெல்லம் சேர்ந்த தலை, பெருநோய்க் கிருமிக்கே உரியது. அந்தத் தலைதான் நரம்பைச் சுற்றியுள்ள கலங்களில் கொளுவிக்கொள்கிறது என்று 2000இல் காட்டிய குழுவை நடத்தியவர் எங்கள் நாட்டவரான அநுர ரம்புக்கன. 2017இல் கேம்பிறிட்ஜில் லலிதா ராமகிருஷ்ணன் குழு (நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) கண்ணாடிபோன்ற சின்ன மீன்குஞ்சுகளில் பார்த்தபோது, அந்தக் கொழுப்பால் உசுப்பப்பட்ட எங்கள் சொந்த வெண்குருதிக் கலங்களே நரம்பைச் சேதமாக்குவது தெரிந்தது. பெருநோயைப் பாவத்தின் பலன் என்று சொன்ன ஊர்கள் எத்தனை! மூன்று வெல்லமும் ஒரு கொழுப்பும் செய்த வேலை. அதைப் பற்றி வேறொரு பதிவில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தாயோடு இரண்டு நாள் கதைத்து, கடைசியில் நாங்களே கூடப் போனோம். பிள்ளைக்கு நோய் இருந்தது. கிளினிக்கில் வீட்டார் எல்லோரையும் வரச்சொல்லிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுப் படத்தில் அடையாளமும் சளியில் கிருமியும் உம்மம்மாவுக்கு. பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லுகிற மனிசி. அவ இருமினதை ஒருவரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் இப்போது குளிசை போடுகிறார்கள், இலவசம்தான். பிள்ளை பள்ளிக்கூடம் வருகிறது, முன்வரிசையில் இருக்கிறது, போன கிழமை ஓட்டப்போட்டியில் மூன்றாவதாக வந்தது. சம்பந்தப் பேச்சு என்ன ஆனது என்று மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத மெலிவு இருந்தால் செஸ்ட் கிளினிக்குக்குப் போங்கள். தனியே போக வெட்கமாக இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், கூட வருகிறோம். பெயர் வெளியே போகாது.

ஒரு வேண்டுகோள். காங்கேசன்துறைப் பகுதி 1990இல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனபின் அந்தப் பழைய வைத்தியசாலை எங்கள் பலருக்குக் கதையாக மட்டும்தான் தெரியும். அங்கே படுத்திருந்தவர்கள், வேலை செய்தவர்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். கட்டிலில் இருந்து கடல் தெரியுமா, வார்டுக்கு வெளியே என்ன மரம் நின்றது, பார்க்கப் போனவர்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்தினார்கள் என்பவை எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய படம் யாரிடமாவது இருந்தால் ஒரு பிரதி தாருங்கள். பெயர் போடவேண்டாம் என்றால் போடமாட்டோம்.